சக்கரங்களுக்கு அனுமதி இல்லை

ஜூன் 9

பூங்காக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உடைந்த கண்ணாடியை மாற்றுவதில் கை தேர்ந்தவள் என்பதால் எல்லாரும் என்னை டிஸ்ப்ளே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உங்கள் பூங்காவுக்கும் எனக்கும் வெகுநாள் பழக்கம். உங்கள் ஏரியில் விழுகிற போன்கள் எல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேர்கின்றன.

அவற்றைக் காயவைத்து உயிர் கொடுத்ததும், சொந்தக்காரர்களே படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டுவார்கள். "தண்ணில விழறதுக்கு முன்னாடி எடுத்ததுக்கா, பாருங்க" என்பார்கள். இப்படியே உங்கள் ஏரியை எல்லாப் பருவத்திலும் பார்த்துவிட்டேன். ஆனால் எல்லாப் படத்திலும் நடுவில் யாராவது பல்லைக் காட்டிக்கொண்டு நின்று தண்ணீரை மறைக்கிறார்கள். அவர்கள் இல்லாத ஏரியைப் பார்க்கலாம் என்றுதான் போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வந்தேன்.

சிறுவயதிலேயே எனக்குக் கால்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. சக்கர நாற்காலியில்தான் எல்லா வேலையும். தம்பி வேனில் கொண்டுவந்து இறக்கினான். வாசலில் இருந்த காவலாளி என் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கேட்டில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். "சக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை."

"இது வாகனமாங்க?" என்றேன்.

"சக்கரம் இருக்குல்லம்மா" என்றார்.

தம்பி சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தான். நான்தான் அடக்கினேன். அவர் சம்பளத்துக்கு நிற்கிறவர். சண்டை போட வேண்டியது அந்தப் பலகையை மாட்டச் சொன்னவரோடு. அது நீங்கள்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

என் கேள்வி சின்னது. நான் ஏரியை எப்படிப் பார்ப்பது?

இப்படிக்கு,
டிஸ்ப்ளே அக்கா
(இது எல்லாரும் கூப்பிடும் பெயர். நீங்கள் அக்கா என்று கூப்பிட வேண்டிய அவசியமில்லை.)


ஜூன் 30

பொருள்: பூங்காவினுள் சக்கர நாற்காலியுடன் செல்ல அனுமதி கோருதல் தொடர்பாக.
பார்வை: தங்களது 9ஆம் தேதியிட்ட கடிதம்.

அம்மையீர்,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. பாதுகாக்கப்பட்ட பகுதியின் இயற்கைத் தன்மை கெடாதிருக்கும் பொருட்டு, வாயிலுக்கு அப்பால் எவ்வகைச் சக்கரமும் அனுமதிக்கப்படுவதில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். இவ்விதி அனைவருக்கும் பொதுவானதாகும்.

எனினும், வாயிலருகே உள்ள தகவல் கூடத்தில் ஏரியைப் பற்றிய பன்னிரண்டு நிமிடக் காணொளி நாள்தோறும் திரையிடப்படுகிறது. அக்கூடத்திற்குப் படிகள் இல்லை. தங்கள் பார்வைக்காக வண்ணப் படங்கள் கொண்ட கையேடு ஒன்று இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

கண்காணிப்பாளர்,
பாதுகாக்கப்பட்ட பூங்கா


ஜூலை 21

கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

கையேட்டைத் திருப்பி அனுப்புகிறேன். ஏரிப் படம் என்னிடம் உங்களைவிட அதிகம் இருக்கிறது. வேண்டுமானால் சொல்லுங்கள், நான் ஒரு கையேடு போட்டுத் தருகிறேன்.

நேற்று மறுபடி வந்தேன். மழை பிடித்துக்கொண்டது. திரும்பிப் போகவில்லை. கேட்டுக்கு வெளியே, உங்கள் சட்டம் முடிகிற இடத்தில், நாற்காலியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். உங்களுக்குப் பூங்கா முழுக்கச் சொந்தம், அதனால் வாசலைக் கவனித்திருக்க மாட்டீர்கள். வாசலுக்கு உள்பக்கம் நிற்கும் பெரிய மரம் மழையில் ஒரு பக்கம் மட்டும் கறுக்கிறது. காற்று வருகிற பக்கம் கரி பூசினது போல, மறுபக்கம் வெளிறிய சாம்பல். ஒரே மரத்துக்கு இரண்டு முகம். பாதையில் தண்ணீர் முதலில் செம்மண் நிறமாக ஓடியது, பிறகு தேநீர் நிறம், கடைசியில் கண்ணாடி. எங்கோ உள்ளேயிருந்து தவளைகள் ஒருமித்துக் கத்துகின்றன, திடீரென்று எல்லாம் சேர்ந்து வாயை மூடுகின்றன. யார் அதட்டினார்கள் என்று தெரியவில்லை.

ஒரு நத்தை கேட்டுக்கு அடியில் ஊர்ந்து உள்ளே போனது. அதற்குச் சக்கரம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். காலும் இல்லை.

காவலாளி தன் குடையைக் கொண்டுவந்து எனக்குப் பிடித்தார். "சார் நல்லவருதாம்மா. சக்கரம்னா மட்டும் அவருக்கு ஆகாது" என்றார். ஏன் என்று கேட்டேன். "அத அவருகிட்டயே கேளுங்க" என்றார். கேட்கிறேன்.

ஒவ்வொரு பருவத்துக்கும் வருவேன். அடுத்தது இலையுதிர் காலம்.

டிஸ்ப்ளே அக்கா


ஆகஸ்ட் 16

அம்மையீர்,

அலுவலகத் தாளில் எழுதினால் எண் போட்டுப் பதிய வேண்டும். அதனால்தான் இந்த வெள்ளைத் தாள்.

ஏன் என்று கேட்டிருந்தீர்கள். நான் இங்கே பொறுப்பேற்ற புதிதில் ஏரிக்கரையைச் சுற்றி இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் பந்தயம் விடுவார்கள். ஆள்காட்டிக் குருவி மரத்தில் கூடு கட்டாது. கரையில் கூழாங்கற்களுக்கு நடுவே, கல்லோடு கல்லாகத் தெரியும்படி முட்டையிடும். ஒரு நாள் காலையில் டயர் தடத்தின் மேல் ஒரு தாய்ப்பறவை உட்கார்ந்திருந்தது. நான் பக்கத்தில் போயும் அது நகரவில்லை. நசுங்கிப்போன முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலமே அந்தப் பலகையை எழுதி மாட்டினேன்.

அதற்குப் பிறகு விடுதி கட்ட வந்தவர்கள் கரை வரை சாலை கேட்டார்கள். ஐஸ்கிரீம் வண்டிக்காரர்கள் கேட்டார்கள். மேலதிகாரிகள் என் நன்மைக்காகச் சொல்வதாகச் சொல்லிக்கொண்டு இவர்களுக்காகக் கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். என்னோடு வேலையில் சேர்ந்தவர்கள் எல்லாம் இரண்டு படி மேலே போய்விட்டார்கள். நான் இங்கேயே இருக்கிறேன். ஒரு சக்கரத்துக்கு இடம் கொடுத்தால் அதன் பின்னாலேயே மற்றதெல்லாம் வரும் என்பது என் பயம். உங்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஒரு வழி தோன்றுகிறது. எங்கள் ஊழியர்கள் இருவர் உங்களை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து ஏரி வரை தூக்கிக்கொண்டு போவார்கள். கட்டணம் எதுவும் வேண்டாம். எந்த நாள் வசதி என்று எழுதுங்கள்.

கண்காணிப்பாளர்


அக்டோபர் 12

கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தப் பறவையை நினைத்துச் சங்கடமாக இருந்தது. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அந்தப் பலகையை மாட்டியிருப்பேன். ஆனால் அதை எனக்கும் சேர்த்து மாட்டியிருக்க மாட்டேன்.

தூக்கிக்கொண்டு போகிறேன் என்கிறீர்கள். நல்ல மனதோடு சொல்கிறீர்கள் என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் மாடி வகுப்புக்கு என்னைத் தூக்கிப் போனார்கள். கல்யாண வீடுகளில், ஆஸ்பத்திரியில், பஸ்ஸில் தூக்கியிருக்கிறார்கள். தூக்குகிறவர்களுக்குக் கை வலிக்கும். அவர்களுக்கு வலிக்கிற இடத்தில்தான் இறக்குவார்கள், அவர்கள் வேலை முடிகிற நேரத்தில்தான் திரும்புவார்கள். ஒரு மரத்தடியில் நான் சும்மா அரை மணி நேரம் நிற்க நினைத்தால், இரண்டு ஆண்கள் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மூட்டைக்கு வேடிக்கை பார்க்கிற உரிமை இல்லை. நான் மூட்டையாக வர மாட்டேன்.

ஏரி வரை மரப்பலகையில் ஒரு பாதை போடுங்கள். ஒரு கதவின் அகலம் இருந்தால் போதும். மோட்டார் சைக்கிள் நுழையாதபடி வாயிலில் ஒரு தடுப்பு வைத்துக்கொள்ளலாம். பறவை எங்கே முட்டையிடும் என்று உங்களுக்குத் தெரியாததா?

சொன்னபடி போன வாரம் வந்தேன். கேட்டருகே இருந்த மரங்களில் பாதி இலை உதிர்ந்துவிட்டது. இலை விழுவதற்குச் சத்தம் உண்டு என்று எனக்கு இத்தனை வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது. பெரிய இலை கிளையில் இடித்து இடித்துப் படியிறங்குகிறவர் மாதிரி வருகிறது. சின்ன இலை சுழன்றுகொண்டே கடைசி நொடியில் மனம் மாறி வேறிடத்தில் விழுகிறது. வெயில் முன்பு தரைக்கு வராத இடங்களுக்கெல்லாம் இப்போது வருகிறது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு ஜீப் வந்தது. காவலாளி சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்தார். உள்ளே ஒரு பெரிய அதிகாரியின் குடும்பம். நான்கு சக்கரமும் உருண்டுதான் உள்ளே போனது. நானே எண்ணினேன். விதி அனைவருக்கும் பொதுவானதாகும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வாக்கியத்தை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

டிஸ்ப்ளே அக்கா


நவம்பர் 3

அம்மையீர்,

அந்த ஜீப் மேலிடத்து உத்தரவின் பேரில் வந்தது. என்னைக் கேட்டு வரவில்லை. எனக்கு அது எவ்வளவு அவமானம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

நான் இந்த நாற்காலியில் இருக்கும் வரை விதி விதிதான். இனி இது குறித்துக் கடிதத் தொடர்பு வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

கண்காணிப்பாளர்


டிசம்பர் 28

கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

நீங்கள் உங்கள் நாற்காலியிலேயே இருங்கள். நான் என் நாற்காலியை வாசலில் விட்டுவிட்டு வருகிறேன். ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை. சக்கரம் இருக்காது.

டிஸ்ப்ளே அக்கா


ஜனவரி 17

அம்மா,

உங்கள் கைகள் எப்படி இருக்கின்றன? முதலில் அதை எழுதுங்கள்.

அன்று காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார். "சார், அந்த அக்கா நாற்காலிய எங்கிட்ட ஒப்படைச்சுட்டு, டிக்கெட்டக் காட்டிட்டு உள்ள போறாங்க" என்றார். எப்படிப் போகிறார்கள் என்று கேட்டேன். "கையால சார்" என்றார்.

நான் வந்தபோது நீங்கள் முதல் வளைவைத் தாண்டியிருந்தீர்கள். பழைய டயர் டியூபை வெட்டி உள்ளங்கையிலும் முழங்காலிலும் கட்டிக்கொண்டு, பனி ஈரத்தில் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தீர்கள். உங்கள் தம்பி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, அழாமல் இருப்பதையே ஒரு வேலையாகச் செய்தபடி நடந்தார். நான் சொன்னது இப்போதும் காதில் கேட்கிறது. "எழுந்திருங்கம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"எழுந்திருக்க முடிஞ்சா உங்களுக்கு ஏன் சார் இத்தன லெட்டர் எழுதறேன்?" என்றீர்கள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

தடுக்க வந்த எனக்கு எந்த விதியைச் சொல்வது என்று தெரியவில்லை. கூடவே நடந்தேன். வேகமாக நடந்தால் மரியாதைக் குறைவு, நின்றால் அதைவிடக் குறைவு. பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு மெதுவாக நடந்ததில்லை. ஏரி தெரிவதற்கு இன்னும் ஒரு திருப்பம் இருக்கும்போது ரப்பர் கிழிந்து உங்கள் கையில் இரத்தம் வந்துவிட்டது. தம்பி தூக்க வந்தார். அவரைத் தள்ளிவிட்டு, "இன்னைக்கு இது போதும்" என்றீர்கள். நான் ஓடிப்போய் உங்கள் நாற்காலியைக் கொண்டுவந்தேன். அவசரத்திலும் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டுதான் ஓடிவந்தேன், உருட்டவில்லை. அதைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை.

யாரோ எடுத்த வீடியோ எல்லாப் போனிலும் சுற்றுகிறதாம். மேலிடத்தில் உங்கள் மன உறுதியைப் பாராட்டி வாசலில் விழா எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மேடை, பந்தல், மைக், எல்லாவற்றுக்கும் ஒப்புதல் வந்துவிட்டது. அழைப்பதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை. அழைக்கச் சொன்னார்கள், எழுதிவிட்டேன்.

கண்காணிப்பாளர்


பிப்ரவரி 5

சார்,

கை ஆறிவிட்டது. பத்து நாள் கடையைத் திறக்க முடியவில்லை. ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்க முடியாமல் தம்பியைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

ஏரியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் உங்கள் பூங்காவில் நீங்கள் பார்க்காததைப் பார்த்துவிட்டேன். நாள் முழுக்க உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. பாதையோரப் புல்லில் சிலந்திகள் கைக்குட்டைகளைக் காயப்போட்டது போலத் தட்டையாக வலை விரித்திருந்தன. ஒவ்வொன்றிலும் பனித்துளி, ஒவ்வொரு துளியிலும் தலைகீழாக ஒரு மரம். சதை எல்லாம் போய் நரம்பு மட்டும் மிஞ்சிய ஓர் இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். எந்தப் போனின் சர்க்யூட் போர்டிலும் அவ்வளவு நேர்த்தியான கோடுகளை நான் கண்டதில்லை. ஒரு வேரின் நிழல் பக்கம் முழுக்கப் பாசி. பக்கத்தில் முகத்தை வைத்தேன். குட்டிக் குட்டிக் கிண்ணங்கள், எல்லாவற்றிலும் தண்ணீர். குளிர்காலத்தில் காடு தூங்குகிறது என்று யாரோ சொன்னார்கள். தரையில் காதை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். கீழே எல்லாரும் வேலையில் இருக்கிறார்கள்.

அழகாக இருந்தது. அதற்காக அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். நான் தவழ்ந்தது எனக்கு ஆசை என்பதால் இல்லை, வேறு வழி வைக்கவில்லை என்பதால். வீடியோவைப் பார்த்து அழுதேன் என்று கடைக்கு வந்து சொல்கிறார்கள். அழுதவர்களில் ஒருவர்கூட அந்தப் பலகையை எடுக்கச் சொல்லி உங்களுக்கு ஒரு வரி எழுதியிருக்க மாட்டார்.

விழாவுக்கு வர மாட்டேன். கேட்டுக்கு வெளியே உட்கார வைத்துக் கைதட்டிவிட்டு, அவர்கள் மட்டும் உள்ளே போய் ஏரி பார்ப்பார்கள். மேடை போடுவதற்குப் பலகை இருக்கிறது, ஒப்புதல் இருக்கிறது, ஆள் இருக்கிறது என்கிறீர்கள். அதே பலகையைத் தரையில் போட்டால் என்ன சார்?

டிஸ்ப்ளே அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

வயதில் நான் மூத்தவன்தான். இருந்தாலும் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுகிறேன்.

நீங்கள் வரவில்லை என்றதும் விழா ரத்தானது. ஆனால் பலகைகள் அதற்கு முன்பே வந்து இறங்கிவிட்டன. திருப்பி அனுப்பச் சொல்லி யாரும் எழுதவில்லை. உங்கள் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்தேன். பிறகு ஊழியர்களைக் கூப்பிட்டேன். காவலாளி, தோட்டக்காரர்கள், டிக்கெட் கொடுக்கும் பெண், எல்லாரும் வந்தார்கள். மேடை அமைத்தாயிற்று என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினேன். பொய் இல்லை. உயரம் நான்கு விரல். நீளம்தான் கொஞ்சம் அதிகம், வாசலிலிருந்து ஏரி வரை போகிறது. பலகை போதாத இடத்தில் புயலில் விழுந்த மரங்களை அறுத்துப் போட்டோம்.

ஆய்வுக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். "இது என்ன?" என்றார் பெரியவர். "மேடை சார்" என்றேன். "இதுல யாரு ஏறுவா?" என்றார். "இவ்வளவு நாள் ஏற முடியாதவங்க" என்றேன். என் வேலைக்காலத்தில் மேலதிகாரியிடம் நான் சொன்ன ஒரே நல்ல வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுவாரமே மாற்றல் வந்துவிட்டது. மரக் கிடங்குக்கு. வெட்டிய மரங்களுக்கு எண் போடுகிற வேலை. முகவரி கீழே இருக்கிறது.

கிளம்பும் முன் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது வசந்தம். புதுத்துளிர் பச்சையாக வருவதில்லை, தாமிர நிறத்தில் வருகிறது. இரண்டு வாரம் கழித்துத்தான் பச்சைக்கு ஒப்புக்கொள்கிறது. ஏரியின் மேற்குக் கரை முழுக்க மஞ்சள் பூ. இத்தனை வருடம் இருந்தும் இதை யாருக்கும் எழுதத் தோன்றியதில்லை.

நீங்கள் இப்போதே கிளம்பி வருவீர்கள் என்று தெரியும். வராதீர்கள். பலகைக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள்காட்டி முட்டையிட்டிருக்கிறது. நாங்கள் ஆணி அடித்த சத்தத்துக்கும் அது அசையவில்லை. குஞ்சுகள் தானாக ஓடும் வரை, அதாவது மே முடியும் வரை, அந்தப் பாதையில் யாருக்கும் அனுமதி இல்லை. உங்களுக்கும் இல்லை. கோபம் வந்தால் கிடங்கு முகவரிக்கு எழுதுங்கள்.

முன்னாள் கண்காணிப்பாளர்


ஜூன் 15

சார்,

ஏப்ரல், மே இரண்டு மாதமும் வரவில்லை. கோபம் வந்தது. முட்டையிட்டிருக்கிறவளோடு சண்டை போட முடியாது என்று விட்டுவிட்டேன்.

இன்று வந்தேன். பலகைப் பாதையின் தொடக்கத்தில் புதுக் கண்காணிப்பாளர் சங்கிலி போட்டிருக்கிறார். அனுமதியில்லாத கட்டுமானமாம், அடுத்த மாதம் பிரிக்கப் போகிறார்களாம். காவலாளி என்னிடம், "சங்கிலிய பூட்டி வைக்கணும்னு சொல்லியிருக்காங்கம்மா. பூட்டு இன்னும் வாங்கல" என்றார். சொல்லிவிட்டு மரத்தை வேடிக்கை பார்க்கத் திரும்பிக்கொண்டார். நானே கழற்றினேன்.

தம்பியை வேனிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன். சக்கரத்தை நானே உருட்டினேன். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு சத்தம் இருக்கிறது, தெரியுமா? நினைத்த இடத்தில் எல்லாம் நின்றேன். ஓர் எறும்புப் புற்றுக்கு மட்டும் கால் மணி நேரம் கொடுத்தேன். யாருக்கும் கை வலிக்கவில்லை.

கடைசித் திருப்பத்தில் ஏரி வந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் ஏமாற்றமாக இருந்தது. படங்களில் இதைவிடப் பெரியது. அப்புறம் எதிர்க்கரையில் மழை ஆரம்பித்தது. இந்தப் பக்கம் வெயில். மழை தண்ணீர் மேல் நடந்து வந்தது. முதலில் சத்தம், பிறகு குளிர்ந்த காற்று, பிறகு நாணல்கள் ஒரு பக்கமாகக் குனிந்தன. வந்து என் மடியில் விழுந்தது. ஏரி எது, மழை எது என்று பிரிக்க முடியவில்லை. நான் சத்தம் போட்டுச் சிரித்திருக்கிறேன், பின்னால் வந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

ஆமாம், பின்னால் ஆட்கள் வந்தார்கள். திறந்து கிடந்த சங்கிலியைப் பார்த்து, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவரும் வந்தார், மனைவி குடை பிடிக்க. எல்லாரும் நனைந்துகொண்டு இங்கேதான் இருக்கிறோம். கரையில் மூன்று ஆள்காட்டிக் குஞ்சுகள் குச்சிக் காலோடு ஓடுகின்றன. தாய் எங்களைப் பார்த்துக் கத்துகிறது. கத்தட்டும், அதன் இடம்.

புதுக் கண்காணிப்பாளரும் குடையோடு வந்துவிட்டார். சின்ன வயசு. காலணியில் சேறு படாமல் நடக்கப் பார்க்கிறார்.

"இங்க இருக்கக் கூடாதும்மா. எல்லாரும் வெளிய போங்க" என்றார்.

"போறோம் சார், மழை விடட்டும்" என்றேன்.

நியாயம்தானே என்று பெரியவரும் தலையாட்டினார். கண்காணிப்பாளர் வானத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குடைக்குள் நின்று காத்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் கையை விட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன், மை கலைந்திருந்தால் மன்னியுங்கள்.

மழைக்காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

உங்கள்
அக்கா